மலாயாப் பதக்கமும் ஒரு சோற்றுப் பொட்டலமும்

இதை எழுதுவதா விடுவதா என்று நாலைந்து வருடமாக எனக்குள்ளேயே இழுபட்டுக்கொண்டிருந்தேன். கோயில் மலர்க் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னரும் "அண்ணை, உங்கடை வேலை அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" என்று கேட்பார்கள். நான் கந்தசஷ்டி விரதத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பிவிடுவேன். சோம்பல் காரணம் அல்ல. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அதற்குக் கையொப்பம் வாங்கிவிடுவார்கள். சுவாமிக்கு முன்னால் செய்த சத்தியம் போலத்தான் அதை நான் வைத்திருந்தேன். என் மனைவிகூட எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, "உங்கடை வாய்க்குப் பூட்டுப் போட்டவன் திறப்பையும் கொண்டு போட்டான்" என்று சலித்துக்கொண்டதுண்டு.

போன வருடம் ஓய்வு பெற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் மகன் வீட்டில் மதியச் சாப்பாடு. என் மருமகள் வேறோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். இங்கே பிறந்த பிள்ளை. சோறு போட்டுக்கொண்டே வேலையைப் பற்றிக் கதைத்தாள்.

"மாமா, இப்ப எல்லாத்தையும் கொம்பியூட்டரிலை ஏத்தவேணும். ஆள் அழுதாலும் எழுதவேணும், சிரிச்சாலும் எழுதவேணும். நீங்கள் இருக்கேக்கை எதையாவது எழுதாமல் விட்டனீங்களோ?"

"ஒண்டு இருக்கு பிள்ளை."

"அப்ப அது நடக்கேல்லை. எழுதாதது நடக்கேல்லை எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை." சிரித்துக்கொண்டு கத்தரிக்காய்க் குழம்பை விட்டாள்.

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாக இறங்கவில்லை. அடுத்த நாளே ஸ்டைன் என்பவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தக் கதைக்கு உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். கேட்டதும் ஓம் என்றார். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் பத்தாம் வகுப்புவரை படித்தேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்தேன். எண்பதுகளின் நடுவில் நாட்டை விட்டு வெளிக்கிட்டு நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் விரல் மரத்துப்போகுமட்டும் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ரொம்சோசில் குடியிருந்து, பள்ளிக்கூடங்கள் கூட்டி, அதன் பிறகு நாற்பத்தைந்து தாண்டிய வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து உதவித் தாதிப் படிப்பு முடித்தேன். முருகன் கைவிடவில்லை. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தது.

அங்கே எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் இங்கெர். உயரமான, ஒல்லியான பெண். காலைக் கூட்டத்தில் எல்லோரும் இருப்போம், அவர் மட்டும் நின்றபடி கறுப்புக் கோப்பி குடிப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிழை கண்டால் திட்ட மாட்டார், "நடா, திரும்பவும் ஒருக்கா" என்பார். அவ்வளவுதான். நடராசா என்ற என் பெயரை அவர்தான் அப்படிச் சுருக்கியவர்.

வேலையின் ஒழுங்கை அவரிடம்தான் படித்தேன். கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். கையைச் சுடுதண்ணீரில் பிடித்துச் சூடாக்கிக்கொண்டுதான் ஆளைத் தொட வேண்டும். முகம் முதலில், பிறகு கழுத்து, கை, மார்பு. தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் கீழே போக வேண்டும். கழுவாத பக்கம் எப்போதும் துவாயால் மூடியிருக்க வேண்டும். நான் ஆரம்பத்தில், பாவம் வயதானவர் என்று எல்லாவற்றையும் நானே செய்துகொடுத்துவிடுவேன். ஒருநாள் ஒரு கிழவிக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது இங்கெர் வாசலில் நின்று பார்த்தார். வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "அவவுக்குக் கை உயர்த்த ஏலும். ஏலுறதை நீர் செய்து குடுத்தால் அது உதவி இல்லை, களவு."

கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்த் தேவாரம் படிக்கும்போதும் அந்தச் சொல்லே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் சீப்பைப் பிடுங்கவில்லை.

ஃபிராங்க் எங்களிடம் வந்தது, ஊரில் யுத்தநிறுத்தம் வந்து, சமாதானம் என்று பாதை திறந்து, எங்கள் சனமெல்லாம் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் வந்துகொண்டிருந்த காலத்தில். ஆங்கிலேயர். வயது எண்பதை நெருங்கியிருந்தது. கப்பலில் வேலை செய்ய வந்து, இங்கே ஒரு நொர்வேஜியப் பெண்ணைக் கட்டி, ஐம்பது வருடமாக இங்கேயே இருந்தவர். மனைவி காலமாகிவிட்டார். இருதயம் பலவீனம், கால் இரண்டும் வீங்கும். புத்தி மட்டும் தெளிவு, வாய் அதைவிடத் தெளிவு. முதல் நாள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "சுவருக்குப் பூசின மிச்சமோ?" என்று கேட்டார். "இல்லை, மனுசருக்குப் பூசினது" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பிரச்சினை இல்லை.

அவருடைய கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு வெள்ளிப் பதக்கம், ஊதா நிற நாடாவில், நடுவில் ஒரு பச்சைக் கோடு. மேலே ஒரு சட்டத்தில் மலாயா என்று ஆங்கிலத்தில். அதை மாட்டியவர் அவருடைய ஒரே மகன் ஸ்டைன். தீயணைப்புப் படையில் வேலை, தோள் அகன்ற மனிதர். "அப்பா காட்டுக்குள்ளை தன்ரை ஆக்களைக் காப்பாத்தி வாங்கினது" என்று எங்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்வார். தாய் தனக்குச் சொன்னதாம். அதைக் கேட்டு வளர்ந்துதான் தான் நெருப்புக்குள் போகிற வேலைக்கு வந்ததாகவும் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் ஃபிராங்க் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஃபிராங்கின் காலைப் பராமரிப்பு பெரும்பாலும் என்னுடையது. எழும்பிச் சிறுநீர் கழித்ததும், சாப்பாட்டுக்கு முன், அதே தராசில் நிறை பார்க்க வேண்டும். நிறை ஏறினால் உடம்பில் தண்ணீர் சேருகிறது என்று அர்த்தம். பிறகு கால்களுக்குத் துணிப்பட்டி சுற்ற வேண்டும். விரலடியில் தொடங்கி முழங்கால்வரை, கீழே இறுக்கமாக, மேலே போகப் போக இளக்கமாக. அவசரப்பட்டால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் தோல் வெடிக்கும். அந்த நேரத்தில்தான் கதை. அவர் நொர்வேஜியத்தில் பேசியதை நான் எங்கள் பேச்சில் தருகிறேன்.

ஒருநாள் கேட்டார்: "நீர் எப்பிடி இந்தக் குளிருக்குள்ளை வந்து விழுந்தனீர்?"

"ஓடி வந்தனான்" என்றேன். நொர்வேஜியத்தில் அதற்கு எனக்கு உடனே வாயில் வந்த சொல் றொம்த.

அவருடைய கால் என் கையில் அசையாமல் நின்றது. "ஆமியிலை இருந்தோ?"

"ஓம், ஆமியிட்டை இருந்துதான். வேறை ஆரிட்டை?"

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "எவ்வளவு காலம் இருந்தனீர்?" என்று கேட்டார்.

இங்கே வந்த புதிதில் அகதி முகாமில் எவ்வளவு காலம் இருந்தேன் என்று கேட்கிறார் என நினைத்தேன். "பதினொரு மாசம்."

"எனக்கு ஒன்பது" என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "உம்மடை ஆக்கள் பொல்லாதவங்கள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவரும் முகாமில் இருந்தவர்போலும், போர்க்காலத்தில் எத்தனையோ முகாம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னோடு கதைத்த விதம் மாறிவிட்டது. வேறு யாராவது உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துவார். அவர்கள் போனதும் எனக்குக் கண்ணடிப்பார். மலாயாவில் என் பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர் என்று சொன்னேன். அவர் ரப்பர்த் தோட்டங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தமிழில் இரண்டு சொல் வைத்திருந்தார். ஒன்று "தண்ணி". மற்றது "திற". "திற" என்பதைச் சொல்லும்போது மட்டும் ஆமிக்காரன் குரல் வரும்.

ஸ்டைன் தகப்பனின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்தார். சாப்பாட்டு மண்டபத்தில் கொடி, கிறீம் கேக், பழைய போர்வீரர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து சில வார்த்தை பேசுவார், மகன் எழும்பிப் பதக்கத்தைத் தகப்பனின் சட்டையில் குத்துவார். எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். ஃபிராங்குக்கு மட்டும் அந்தக் கிழமை நிறை ஏறத் தொடங்கியது. சாப்பாடு இறங்கவில்லை.

பிறந்தநாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில், இடது கால் சுற்றி முடிந்து வலது கால் எடுத்தேன். "நடா, கதவைச் சாத்தும்" என்றார். சாத்தினேன். அன்றுதான் முழுவதும் சொன்னார். அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

மலாயாவில் காட்டுக்குள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக்காரர். அவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பது கட்டளை. அதனால் காலையில் தோட்டத்துக் குடியிருப்பு வாசலில் நின்று, ரப்பர்ப் பால் வெட்டப் போகிற சனத்தைச் சோதிக்க வேண்டும். அரிசி, சோறு, கருவாடு எதுவும் வெளியே போகக் கூடாது. கண்டால் நிலத்தில் கொட்ட வேண்டும். ஃபிராங்க் அப்போது கோப்ரல், எட்டுப் பேருக்குப் பொறுப்பு. போன சனத்தில் முக்கால்வாசி தமிழர்.

"நான் கனக்கக் கொட்டினனான், நடா. செருப்பிலை சோறு ஒட்டும்."

ஒரு பெண் வெறும் பால் வாளிக்குள் துணியைப் போட்டு, அதற்குக் கீழே ஒரு வாழையிலைப் பொட்டலம் கொண்டுபோவாளாம். கூட ஒரு கைக்குழந்தை. முதல் நாள் அவர் "திற" என்றார். அவள் துணியைத் தூக்கினாள். பொட்டலம் இருந்தது. அவர் முகத்தை அடுத்த ஆள் பக்கம் திருப்பினார். அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வரும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்த்தார். அது அவளுடைய மதியச் சாப்பாடு என்றுதான் நினைத்தாராம். "நினைச்சனோ, நினைக்க விரும்பினனோ, எனக்கே தெரியாது."

சில கிழமைக்குப் பிறகு, அந்தத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள காட்டுப் பாதையில் அவருடைய ஆட்கள் மேல் சூடு விழுந்தது. பில், டொம் என்று இரண்டு பெடியன்கள் செத்துப்போனார்கள். ஒருவனுக்குப் பத்தொன்பது வயது. சுட்டவர்கள் இருந்த இடத்தைப் பிறகு போய்ப் பார்த்தபோது, அணைந்த நெருப்புக்குப் பக்கத்தில் வாழையிலைகள் கிடந்தன.

"மலாயாவிலை வாழையிலை எங்கையும்தானே கிடக்கும்" என்றேன்.

"ஓம்" என்றார். "அம்பது வருசமா நானும் அதைத்தான் எனக்குச் சொல்லுறன்."

அவர் தானே மேலதிகாரியிடம் போய் வாசலில் பார்க்காமல் விட்டதைச் சொன்னார். கோப்ரல் பதவியைப் பறித்துச் சாதாரண சிப்பாய் ஆக்கினார்கள். மற்றப் பெடியன்கள் அவரோடு சாப்பிட மறுத்தார்கள். ஒரு மாதம் தாங்கினார். பிறகு ஓடினார். பினாங்குத் துறைமுகத்தில் பிடித்தார்கள். ஒன்பது மாதம் இராணுவச் சிறை. வெளியே வந்து மிச்சக் காலத்தைச் சத்தமில்லாமல் முடித்தார். அப்படி ஒழுங்காக முடித்ததால் பதக்கத்தையும் கொடுத்தார்கள். மலாயாவில் சேவை செய்த எல்லோருக்கும் கொடுக்கிற பதக்கம் அது, வீரத்துக்கு உரியது அல்ல. விளிம்பில் இலக்கமும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். அவருடையதில் கோப்ரல் என்றே இருந்தது.

"நான் ஊருக்குப் போகேக்கை கோப்ரல் இல்லை. ஆனா ஒருக்கா கோப்ரலா இருந்தனான். அப்ப அது பொய்யோ, நடா?"

அன்னதானத்தின் மகிமையைப் பற்றிக் கோயிலில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், நானே வருடா வருடம் அடுப்படியில் நின்று பருப்புக் கிண்டியிருப்பேன். அந்தப் பிரசங்கங்களில் ஒன்றிலும் இந்தக் கணக்கு இல்லை.

"என்ரை பெடியனுக்கு இதைச் சொல்லாமல் அந்தச் சாமானை என்ரை நெஞ்சிலை குத்த விட ஏலாது" என்றார் ஃபிராங்க். "சொல்லவும் ஏலாது. அவன் அந்தக் கதையை நம்பித்தான் நெருப்புக்குள்ளை போறவன். நீரும் ஓடினனீர்தானே, உமக்குத்தான் விளங்கும். உம்மடை பிள்ளையளுக்கு எப்பிடிச் சொன்னனீர்?"

அப்போதுதான் எனக்கு எங்கேயோ இடித்தது. பட்டியைச் சுற்றி முடித்துவிட்டு நேரே இங்கெரின் அறைக்குப் போனேன். ஃபிராங்க் சொன்ன கதையைச் சொல்லவில்லை. "றொம்த எண்ட சொல் பிழையோ? அகதியா ஓடி வந்தால் அப்பிடிச் சொல்லுறேல்லையோ?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுக்கு வேறை சொல். இது சிறையிலை இருந்து, கப்பலிலை இருந்து, பட்டாளத்திலை இருந்து ஓடுறதுக்குச் சொல்லுறது. ஏன், நீர் என்ன சொன்னனீர்?"

"ஆமியிட்டை இருந்து ஓடினனான் எண்டு."

இங்கெர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஆருக்குச் சொன்னனீர்?"

எங்கள் பேச்சில் "ஆமியிட்டை இருந்து" என்றால் ஆமிக்குப் பயந்து ஓடுவது, "ஆமியிலை இருந்து" என்றால் ஆமியில் சேர்ந்திருந்தவன் அதை விட்டு ஓடுவது. நொர்வேஜியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போய்விட்டது. முகாமில் இருந்த பதினொரு மாதத்தையும் அவர் சிறை என்று எடுத்துக்கொண்டார். தன்னைப் போலப் பட்டாளத்தை விட்டு ஓடிய இன்னொருவன் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் எனக்கு வாயைத் திறந்திருந்தார்.

ஒரு விசயத்தை மட்டும் இங்கெரிடம் கேட்டேன். ஒரு நோயாளி மகனுக்குச் சொல்ல விரும்பி, சொல்ல முடியாமல் இருந்தால், நான் சொல்லலாமா?

கோப்பியை வைத்துவிட்டு யோசித்தார். "நீர் நாற்காலியைக் கொண்டுபோய் வைக்கலாம். கதையைக் கொண்டுபோகக் கூடாது" என்றார். நான் போகத் திரும்பியபோது, "எதிரும் புதிருமா வையாதையும். பக்கத்திலை பக்கத்திலை, ஜன்னலைப் பார்த்து வையும்" என்றார்.

அடுத்த நாள் காலையில் சுவாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நின்றுவிட்டு வேலைக்குப் போனேன். ஃபிராங்கிடம் சொன்னேன். "நான் ஒருநாளும் பட்டாளத்திலை இருந்ததில்லை. துவக்கு ஒண்டைத் தொட்டதுமில்லை. ஆமி வந்தபடியால் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். சொல்லுப் பிழைச்சுப் போச்சு."

முகம் சுருங்கிப்போனது. "அப்ப எல்லாத்தையும் ஏமாத்தி வாங்கிப்போட்டீர்" என்றார்.

"எனக்கு நேற்றுத்தான் தெரியும்."

"போம் வெளியிலை."

மூன்று நாள் என்னை உள்ளே விடவில்லை. வேறொருவர்தான் கால் சுற்றினார். பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்துக் கதவில் அறிவித்தல் ஒட்டியாயிற்று. எனக்கு வேலையில் கை ஓடவில்லை. அவர் சொல்லாமலே அந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு இருப்பாரோ, இல்லை அதற்கு முன்பே இருதயம் நின்றுவிடுமோ என்று பயம். நான் பேசாமல் இருந்திருந்தால் என்னை நம்பியாவது மகனுக்குச் சொல்லியிருப்பாரோ என்றும் நினைத்தேன்.

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காலை நீட்டினார். நான் சுற்றத் தொடங்கினேன். பட்டி முழங்காலை எட்டியது.

"நீர் ஓடேக்கை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடினனீர்" என்றார் கடைசியில். "நான் பில்லையும் டொம்மையும் அங்கை விட்டிட்டு ஓடினனான். சொல் ஒண்டு. ஓட்டம் வேறை."

"ஓம்" என்றேன்.

"அதையாவது நேர சொன்னீர். இண்டைக்குப் பின்னேரம் பெடியன் வருவான்."

"நான் நாற்காலி வைக்கிறன்."

ஜன்னலைப் பார்த்து இரண்டு நாற்காலி வைத்தேன். பக்கத்தில் பக்கத்தில். ஃபிராங்கின் காலுக்குக் கீழே ஒரு முக்காலி. ஸ்டைன் வந்து, "என்ன, தியேட்டரோ?" என்று சிரித்தார். நான் வெளியே போகத் திரும்பினேன். "நடா நிக்கட்டும்" என்றார் ஃபிராங்க். கதவோடு நின்றேன்.

எனக்குச் சொன்னதைப் போலவே சொன்னார். வாசல், வாளி, பெண், முகத்தைத் திருப்பியது, இரண்டு பெடியன்கள், வாழையிலை, பதவி பறித்தது, ஓடியது, சிறை. இடையில் மூச்சு வாங்கும்போது ஒருதரம் மட்டும் கோப்பையை எடுத்துக் கொடுத்தேன். கோப்பையை அவரே பிடித்தார்.

ஸ்டைன் தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் எழும்பிச் சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றினார். பதக்கத்தை வெளியே எடுத்து, விளிம்பை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பி வாசித்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

மண்டபத்து அறிவித்தலை மறுநாள் கழற்றிவிட்டார்கள். மகன் தொலைபேசியில் நிறுத்தச் சொன்னாராம். பிறந்தநாளன்று காலையில் ஃபிராங்க் வெள்ளைச் சட்டை கேட்டார். போட்டார். கழுத்துப் பொத்தானைத் தானே பூட்டினார், அதற்குக் கனநேரம் எடுத்தது, நான் காத்து நின்றேன். மதியம்வரை ஒருவரும் வரவில்லை. நான் மனதுக்குள் சண்முக கவசம் சொல்லிக்கொண்டு மற்ற அறைகளுக்கும் அவருடைய அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

கோப்பி நேரத்தில் ஸ்டைன் வந்தார். தனியாக, கையில் ஒரு சின்னக் கேக். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கோப்பை எடுக்க நான் போனபோது ஃபிராங்க் நித்திரை. ஸ்டைன் நிலத்தில் குந்தியிருந்து, அவிழ்ந்துபோன கால்பட்டியைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். முழங்காலில் தொடங்கிக் கீழே வந்துகொண்டிருந்தார்.

"அப்பிடி இல்லை" என்றேன். "விரலிலை இருந்து மேலை வரவேணும்."

அவிழ்த்தார். நான் காட்டினேன். இரண்டாவது தரம் சரியாக வந்தது. அதன் பிறகு அவர் வருகிற நாளில் நான் அந்தக் காலைத் தொட்டதில்லை.

ஃபிராங்க் அந்த வருடக் கடைசியில் காலமானார். மகன் பக்கத்தில் இருந்தார். நான் பதிகம் ஒன்று மெதுவாகச் சொன்னேன். யாரும் தடுக்கவில்லை.

மரணச் சடங்குக்கு முதல் நாள் ஸ்டைன் இல்லத்துக்கு வந்து, தான் பேசப்போவதை எனக்குச் சொல்லிக் காட்டினார். "அப்பா சொன்னதை என்னைவிட நீர்தான் கூடத் தரம் கேட்டனீர். பிழை இருந்தால் சொல்லும்" என்றார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. பதவி பறித்ததையும் ஓடியதையும் சிறையையும் அப்படியே சொன்னார். ஓரிடத்தில் மட்டும், "என் தந்தை பசித்த ஒரு பெண்ணுக்குச் சோறு கொடுத்தார்" என்று வந்தது.

"குடுக்கேல்லை" என்றேன்.

"என்ன?"

"உங்கடை அப்பா சோறு குடுக்கேல்லை. பார்க்காமல் விட்டவர். அவர் ஒருநாளும் குடுத்தனான் எண்டு சொன்னதில்லை."

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதானே, நடா. செத்த மனுசனுக்கு இவ்வளவாவது..."

எனக்கும் மனம் இரங்கியது. செத்தவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் கூடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்படித்தானே நாங்களும் செய்கிறோம். ஆனாலும் சொன்னேன்: "அவர் உயிரோடை இருக்கேக்கை நீங்கள் அதைச் சொல்லியிருந்தால் ஜன்னலைப் பார்த்திருப்பார்."

ஸ்டைன் எழும்பிப் போனார். அடுத்த நாள் தேவாலயத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று, "என் தந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்று சொன்னார். பதக்கம் பெட்டியில் இல்லை, பிரேதத்தின் நெஞ்சிலும் இல்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் வெறுமனே கிடந்தது.

அங்கே எங்களோடு வேலை செய்த இரண்டொரு தமிழ்ப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள், வீட்டிலிருந்து வெளியே போயிருக்கும். இந்தத் தைப்பொங்கலுக்கு முதல் நாள் ஒஸ்லோ குறொன்லாண்டில் ஒரு தமிழ்க் கடையில் பச்சையரிசி வாங்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரத் தம்பி எனக்கே கதை சொன்னார்.

"அண்ணை, தெரியுமே? மலாயாவிலை ஒரு வெள்ளைக்காரக் கப்டன், எங்கடை சனத்துக்கு மூட்டை மூட்டையாச் சோறு குடுத்து மெடல் வாங்கினவனாம். கடைசிக் காலத்திலை இஞ்சை ஒஸ்லோவிலை ஒரு தமிழன்ரை மடியிலைதான் செத்தவனாம். பாருங்கோவன், அன்னதானப் பலனை!"

"கப்டன் இல்லைத் தம்பி, கோப்ரல். அதையும் பறிச்சுப்போட்டாங்கள். மெடல் எல்லாருக்கும் குடுத்தது. சோறு அவர் குடுக்கேல்லை. ரெண்டு பெடியன்கள் செத்தவங்கள்."

"எந்தப் பெடியன்கள்?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அரிசியைப் பையில் போட்டுக்கொண்டே, "என்ன அண்ணை, நல்ல கதையைக் கெடுத்துப்போட்டீங்கள்" என்றார்.

அதனால்தான் இந்த வருடம் விரதத்தைப் பற்றி எழுதாமல் இதை எழுதிக் கொடுக்கிறேன். மலரை வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நான் எழுதியதற்கு மேலாக ஒன்றையும் கூட்ட வேண்டாம். அவரைக் கப்டன் ஆக்க வேண்டாம், கோழை என்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பெண் அந்தப் பொட்டலத்தைத் தானே சாப்பிட்டாளா, காட்டுக்குக் கொடுத்தாளா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நீங்களும் தீர்மானிக்க வேண்டாம். சோற்றைப் பற்றிச் சொல்லும்போது பில்லையும் டொம்மையும் விட்டுவிடாதீர்கள். ஃபிராங்க் ஒருநாளும் விட்டதில்லை.